வாரிசுரிமை வழக்குக் கட்டுகள் கள்ளக்குறிச்சியிலேயே கிடைக்க வேண்டும்: எங்கள் நிலைப்பாடு

கள்ளக்குறிச்சி மாவட்டத்திலும் கல்வராயன்மலையிலும் நில உரிமை, வாரிசுரிமைச் சிக்கல்களில் குடும்பங்களுக்குத் துணை நிற்கும் அமைப்பு என்ற முறையில் இந்த அறிக்கையை வெளியிடுகிறோம். இறந்தவரின் உயில், அதை மெய்யென ஏற்று நீதிமன்றம் அளித்த ப்ரொபேட், நிர்வாக உரிமைப் பத்திரம், இறங்குரிமைச் சான்றிதழ் ஆகியவற்றின் கட்டு எந்த ஊர் நீதிமன்றப் பதிவறையில் இருந்தாலும், அதைத் தேடவும் நகல் கேட்கவும் கள்ளக்குறிச்சியிலேயே வழி இருக்க வேண்டும். மலைமக்களுக்கு அந்த உதவி மலைமேல் உள்ள வெள்ளிமலையிலேயே கிடைக்க வேண்டும்.

கட்டு எந்த ஊரில்?

கள்ளக்குறிச்சி 2019 நவம்பர் 26இல் தனி மாவட்டமாகச் செயல்படத் தொடங்கியது. அதற்கு முன் அது விழுப்புரம் மாவட்டம். 1993 செப்டம்பர் 30இல் விழுப்புரம் பிரிவதற்கு முன், கடலூரைத் தலைமையிடமாகக் கொண்ட தென்னார்க்காடு. ப்ரொபேட் வழங்கும் அதிகாரத்தை 1925ஆம் ஆண்டின் இந்திய வாரிசுரிமைச் சட்டம் மாவட்ட நீதிபதியிடம் வைத்திருக்கிறது. எனவே சங்கராபுரத்தில் 1985இல் இறந்தவரின் உயில் வழக்கைக் கடலூரிலும், 2005இல் இறந்தவரின் வழக்கை விழுப்புரத்திலும் தேட வேண்டியிருக்கும். வருவாய் எல்லை மாறும் அதே நாளில் நீதிமன்ற எல்லை மாறுவதில்லை. கட்டுகள் இடம்பெயர்வது அதற்கும் பிறகுதான். மலையிலோ இன்னொரு சிக்கலும் உண்டு. வெள்ளிமலை கள்ளக்குறிச்சி மாவட்டம், கருமந்துறை சேலம் மாவட்டம். இரு பக்கமும் உறவும் நிலமும் உள்ள குடும்பம் சேலத்தையும் பார்த்தாக வேண்டும்.

எந்தக் கட்டு எந்தப் பதிவறையில் இருக்கிறது என்று சொல்லும் ஒரே பட்டியல் மக்கள் கையில் இல்லை. ஒரு நாள் கூலியை விட்டு மலையிறங்கி வருகிறவர் ஊர் ஊராக அலைய நேர்வது இதனால்தான்.

சட்டம் சொல்வது என்ன

ப்ரொபேட் வழங்கப்பட்ட உயிலின் அசலை மாவட்ட நீதிமன்றம் தன் ஆவணங்களோடு பாதுகாக்க வேண்டும் என்கிறது வாரிசுரிமைச் சட்டத்தின் 294ஆம் பிரிவு. உயில்களுக்கென ஒரு பொதுப் பதிவகம் அமையும் வரை இந்த ஏற்பாடு என்றும், அந்த உயில்களைப் பாதுகாக்கவும் பார்வையிடவும் மாநில அரசு விதிகள் வகுக்க வேண்டும் என்றும் அதே பிரிவு கூறுகிறது. சட்டம் வந்து நூறாண்டு ஆகிறது. கள்ளக்குறிச்சிக் குடும்பம் ஒன்று அந்த விதிகளைக் காட்டி உயிலைப் பார்வையிடக் கேட்கும் நிலை இன்னும் வரவில்லை. இங்கிலாந்தில் 1858 முதல் ப்ரொபேட் பெற்ற உயில்களைப் பெயரையும் ஆண்டையும் கொண்டு யார் வேண்டுமானாலும் தேடிக் கட்டணம் செலுத்தி நகல் பெறலாம். இங்கே சொந்தப் பேரப்பிள்ளைக்கே அது எளிதில்லை.

ப்ரொபேட் கட்டாயம் என்ற நிபந்தனை நம் மாநிலத்தில் சென்னை நகர எல்லையைச் சார்ந்த உயில்களுக்கே இருந்தது. அதற்கு அடிப்படையான 213ஆம் பிரிவையும் நாடாளுமன்றம் 2025இல் நீக்கிவிட்டது. ஆகவே இந்தக் கட்டுகளுக்கு இனி வேலையில்லை என்று சிலர் கருதலாம். நாங்கள் அப்படிக் கருதவில்லை. உயிலில் தகராறு எழுந்தபோது நம் மாவட்டத்தவரும் நீதிமன்றம் சென்றிருக்கிறார்கள். வங்கி வைப்பு, பங்கு, இறந்தவருக்கு வரவேண்டிய கடன் ஆகியவற்றுக்கு இறங்குரிமைச் சான்றிதழ் பெற்றிருக்கிறார்கள். உயில் வழக்குகளில் வந்த உத்தரவுகளின் மேல்தான் இன்றைய பட்டாக்கள் பல நிற்கின்றன.

தகவல் அறியும் உரிமைச் சட்டம் இதற்கு வழியாகாது. வழக்கு ஆவணங்களின் நகலை அந்தந்த நீதிமன்ற விதிப்படியே கேட்டுப் பெற வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2020 மார்ச்சில், குஜராத் உயர் நீதிமன்றம் தொடர்பான வழக்கில் தீர்ப்பளித்துவிட்டது. மிச்சமிருப்பது நீதிமன்ற நகல் பிரிவின் வாசல் ஒன்றே. வழக்கில் கட்சிக்காரராக இருந்தவருக்கு அந்த வாசல் எளிது. இல்லாதவர் மூன்றாம் நபர். காரணம் காட்டி பிரமாணப் பத்திரத்தோடு மனுச் செய்து நீதிமன்ற அனுமதி பெற வேண்டும். தாத்தாவின் உயில் வழக்கில் பெயர் சேர்க்கப்படாமல் விடுபட்ட மகளும் பேத்தியும் இந்த மூன்றாம் நபர் வரிசையில்தான் நிற்கிறார்கள். இது நியாயமில்லை.

மலைக்கு ஏன் தனி அக்கறை

கல்வராயன்மலை 1976 வரை ஜாகீர்தார்களின் பிடியில் இருந்தது. காகிதம் இங்கே தாமதமாகத்தான் வந்தது. முதல் பட்டா எவர் பெயரில் எழுதப்பட்டதோ அவர் பெயரிலேயே நிலம் இன்னும் கிடக்கும் குடும்பங்கள் பல.

இந்த மலையில் வாழும் மலையாளிப் பழங்குடியினருக்கு வாரிசுச் சட்டமும் வேறு. 1956ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டம், மத்திய அரசு தனியாக அறிவித்தாலன்றிப் பட்டியல் பழங்குடியினருக்குப் பொருந்தாது என்கிறது அதன் 2(2)ஆம் பிரிவு. அதனால் பெண்ணுக்குப் பங்கு உண்டா என்ற கேள்வி வழக்காற்றில் வந்து நிற்கிறது. பழங்குடிப் பெண்களுக்கும் சம பங்கு உண்டு என்று சென்னை உயர் நீதிமன்றம் 2023இல் தீர்ப்பளித்தது. பெண்ணுக்குப் பங்கில்லை என்ற வழக்காறு நிரூபிக்கப்படாத நிலையில் அவளை விலக்குவது சமத்துவத்துக்கு விரோதம் என்று உச்ச நீதிமன்றம் 2025 ஜூலையில் கூறியது. அதே ஆண்டு அக்டோபரில் வந்த இன்னொரு தீர்ப்பிலோ, 1956ஆம் ஆண்டுச் சட்டம் பழங்குடியினருக்கு நேரடியாகப் பொருந்தாது என்பதை அதே நீதிமன்றம் உறுதிசெய்தது.

ஆகவே வழக்காறு எதுவென்று நிரூபிப்பதில்தான் மலைப் பெண்ணின் பங்கு அடங்கியிருக்கிறது. ஒரு வழக்காறு முன்பு ஏற்கப்பட்டதா, மறுக்கப்பட்டதா என்பதற்குப் பழைய தீர்ப்புகளே சாட்சியமாகும். எந்தக் குடும்பத்தில், எந்த ஆண்டில், மகளுக்கும் பங்கு தரப்பட்டது என்று சொல்லும் ஒரு பழைய கட்டு, இன்று வழக்காடும் பல பெண்களுக்குக் கைகொடுக்கும். பதிவறையில் கிடந்து மக்கும் கட்டு யாருக்கும் கைகொடுக்காது.

அந்தரங்கம் குறித்து

எல்லாவற்றையும் இணையத்தில் கொட்டுங்கள் என்று நாங்கள் கேட்கவில்லை. உயிரோடிருப்பவரின் உயில் அவருக்கு மட்டுமே உரியது. பதிவு செய்த உயிலின் நகலை, எழுதியவர் வாழும் காலத்தில் அவருக்கோ அவரது முகவருக்கோ மட்டுமே தரலாம், இறந்த பின் கேட்பவர் எவருக்கும் தரலாம் என்கிறது 1908ஆம் ஆண்டின் பதிவுச் சட்டம். அந்த எல்லைக்கோடு சரியானது. வழக்கின் பெயர், ஊர், ஆண்டு, எண் அடங்கிய பட்டியல் எல்லோருக்கும் திறந்திருக்கட்டும். கட்டுக்குள் இருக்கும் வங்கிக் கணக்கு, சிறார் விவரம் போன்றவை உரிமையுள்ளவருக்கு மட்டும் போகட்டும்.

எங்கள் கோரிக்கைகள்

1. கடலூர், விழுப்புரம், கள்ளக்குறிச்சி நீதிமன்றங்களின் பழைய பதிவேடுகளிலிருந்து வாரிசுரிமை வழக்குகளுக்கு ஒரே பெயர்ப்பட்டியலைத் தமிழில் உருவாக்க வேண்டும். மலைக்கு உரிய சேலம் பதிவுகளையும் சேர்க்க வேண்டும். 2023இல் ரூ.7,210 கோடியில் ஒப்புதல் பெற்ற மின் நீதிமன்றத் திட்டத்தின் மூன்றாம் கட்டத்தில் பழைய ஆவணங்களை மின்னணுவாக்கும் பணியும் உண்டு. அதில் இதற்கு முன்னுரிமை தர வேண்டும்.

2. நகல் மனுவைக் கள்ளக்குறிச்சியில் பெற்று, கட்டு உள்ள நீதிமன்றத்துக்கு அனுப்பி, நகலை இங்கேயே வழங்க வேண்டும்.

3. கட்டு இல்லை என்றாலோ விதிப்படி அழிக்கப்பட்டது என்றாலோ, அதை எழுத்தில் தர வேண்டும். வாய்ச்சொல் போதாது.

4. இறந்தவரின் வாரிசு என்று காட்டுபவரை மூன்றாம் நபராக நடத்தக் கூடாது.

5. 294ஆம் பிரிவின்படியான பார்வையிடல் விதிகளை மாநில அரசு தமிழில் வெளியிட்டு ஒவ்வொரு நீதிமன்றத்திலும் ஒட்ட வேண்டும்.

6. வெள்ளிமலையில் சட்டப்பணிகள் ஆணைக்குழுவின் தன்னார்வலர்கள் குறித்த நாட்களில் அமர்ந்து மனு எழுதித்தர வேண்டும்.

தேடும் குடும்பங்களுக்கு

கோரிக்கைகள் நிறைவேறும் வரை காத்திருக்க வேண்டாம். இறப்புச் சான்றிதழ், இறந்தவரின் தந்தை பெயர், ஊர், ஏறத்தாழ எந்த ஆண்டு என்ற விவரத்தோடு தொடங்குங்கள். தாசில்தார் தரும் வாரிசு சான்றிதழும் நீதிமன்றம் தரும் இறங்குரிமைச் சான்றிதழும் வேறு வேறு. உங்களிடம் இருப்பது எது என்று பாருங்கள். மின் நீதிமன்றத் தளத்தில் கட்சிக்காரர் பெயரைக் கொண்டு தேடலாம். பெயர்கள் பெரும்பாலும் ஆங்கில எழுத்தில் ஏறியிருப்பதால் கவுண்டன், கவுண்டர் என்று எழுத்தை மாற்றி மாற்றித் தேடுங்கள். ஓ.பி. (அசல் மனு) எண்ணோடு நிறுத்தாதீர்கள், எதிர்ப்பு வந்த உயில் வழக்கு சாதாரண வழக்கின் வடிவில் நடந்திருக்கும், எனவே ஓ.எஸ். (அசல் வழக்கு) வரிசையிலும் பாருங்கள். உயில் பதிவானதா என்று வில்லங்கச் சான்றில் தெரியாது. சார்பதிவாளர் அலுவலகத்தில் உயில்கள் பதிவாகும் 3ஆம் புத்தகத்தில் தேடச் சொல்லிக் கேளுங்கள்.

பட்டியல் பழங்குடியினருக்கும் எல்லாப் பெண்களுக்கும் 1987ஆம் ஆண்டின் சட்டப்பணிகள் ஆணையச் சட்டப்படி இலவச சட்ட உதவி உண்டு. வருமான வரம்பு இதற்குக் கிடையாது. 15100 என்ற எண்ணில் அழைத்துக் கேளுங்கள். கேட்பது சலுகை இல்லை, உரிமை.