மூன்று ஏக்கருக்கு லோடர் எதற்கு?

அண்மையில் வன்னிக் கமக்காரர் ஒருவர் கொட்டாஞ்சேனையில் என்னைச் சந்தித்தார். கனடாவிலுள்ள மகன் அனுப்பிய பணத்தில், வீதி வேலையிலிருந்து கழிக்கப்பட்ட லோடர் பூட்டிய உழவு இயந்திரம் ஒன்றை வாங்கப் போகிறாராம். "மண்ணும் அள்ளலாம், வயலும் உழலாம் சுவாமி" என்றார்.

உழலாமா? தொழிற்றுறைக்கெனச் செய்யப்பட்ட இவ்வகை இயந்திரங்கள் பலவற்றில் கலப்பை பூட்டும் மூன்று புள்ளி இணைப்பே இருப்பதில்லை. பாரமும் அதிகம். ஈர வயலில் இறக்கினால் புதையும். புதையாவிட்டால் அடிமண்ணை இறுக்கிவிடும்.

வாங்கத்தான் வேண்டுமென்றால் புதுப் பெயின்றில் மயங்காதீர்கள். வாளியை நிரப்பி உயர்த்தி, எஞ்சினை நிறுத்திவிட்டுத் தள்ளி நின்று பாருங்கள். அது தானாக விரைவில் இறங்கினால் ஹைட்ரோலிக் சீலோ வால்வோ தேய்ந்திருக்கிறது. முன்னச்சில் வெல்டிங் ஒட்டு உண்டா? பதிவுப் புத்தகத்திலுள்ள எஞ்சின், சசி இலக்கங்களை நீங்களே ஒப்பிடுங்கள். பாகங்கள் பஞ்சிகாவத்தையில் கிடைக்கும் என்பார்கள். கிடைக்கும்தான், ஆனால் பஸ் செலவும் வீணாகும் நாளும் யார் கணக்கில்?

2020இல் நின்ற வாகன இறக்குமதி 2025இல் மீண்டும் தொடங்கியது. ஆகவே அவசரமும் இல்லை.

ஆண்டில் எத்தனை நாள் மண் அள்ளும் வேலை என்று கேட்டேன். விரல்விட்டு எண்ணி, ஆறு என்றார். ஆறு நாளுக்கு மணித்தியால வாடகையே போதும். அல்லது கமக்கார அமைப்பில் நாலைந்து குடும்பங்கள் சேர்ந்து, உழவுக்கு ஏற்ற இயந்திரமொன்றை வாங்கலாம். அவர் ஏற்றுக்கொண்டார். மகனிடம் என்ன சொல்வது என்பதுதான் இப்போது அவருடைய கவலை.