அறிக்கை வர 14 நாள். அதுவரை மீன் இருக்குமா?

வாங்கும் மீனில் சந்தேகம் வந்தால், கட்டணம் கட்டி ஆய்வகத்தில் சோதிக்கச் சொல்லும் உரிமை நமக்கு உண்டு. உணவுப் பாதுகாப்புச் சட்டம் 2006, பிரிவு 40. ஒரே நிபந்தனை, சோதனைக்குக் கொடுக்கப் போவதை வாங்கும்போதே கடைக்காரரிடம் சொல்லிவிட வேண்டும். ஞாயிற்றுக்கிழமை காலை சிந்தாதிரிப்பேட்டை மார்க்கெட் நெரிசலில் அப்படிச் சொல்லிப் பாருங்கள்! சொல்லிவிட்டு மீனை ஐஸில் வைத்துக் கிண்டி ஆய்வகத்துக்குக் கொண்டுபோனாலும், அறிக்கை தர ஆய்வாளருக்கு 14 நாள் அவகாசம். அதே லாரியில் வந்த மற்ற மீன்கள் அதற்குள் குழம்பாகிச் செரித்தே போயிருக்கும்.

பிரச்னை ஃபார்மலின். பிணம் கெடாமலிருக்கப் பயன்படுத்தும் திரவம். அதிலுள்ள ஃபார்மால்டிஹைடைப் புற்றுநோய் உண்டாக்கும் பொருளாகச் சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமை வகைப்படுத்தியிருக்கிறது. மீனில் கலக்கச் சட்டத்தில் துளியும் இடமில்லை. 2018-ல் கேரளச் சோதனைச் சாவடிகளில் ஆயிரக்கணக்கான கிலோ மீன் பிடிபட்டபோது சென்னையும் சில வாரம் மீனைக் கண்டு பயந்தது. பிறகு மறந்தது.

செவுளைத் தூக்கிப் பார்ப்பது, சதையை அமுக்கிப் பார்ப்பது என்று நம் வீடுகளில் பழகிய சோதனைகள் இதில் எடுபடாது. ஃபார்மலின் பட்ட சதை விறைப்பாகத்தான் இருக்கும். துண்டு போட்டு விற்கும் வஞ்சிரத்தில் செவுளுக்கு எங்கே போவது? ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகள் கடலுக்குப் போகாத 61 நாள் இன்னும் மோசம். வெளிமாநில மீன் நெடுந்தூரம் லாரியில் வரும் காலம் அது. ஐஸ் குறைந்தால் குறுக்குவழி தேடத் தோன்றும்.

கொச்சியிலுள்ள மத்திய மீன்வளத் தொழில்நுட்ப நிறுவனம் இதற்கென்றே ஒரு காகிதப் பட்டை தயாரித்திருக்கிறது. மீன்மேல் தேய்த்து, ஒரு சொட்டு மருந்து விட்டால் சில நிமிடங்களில் நிறம் காட்டிவிடும். சில வகைக் கடல்மீனில் ஃபார்மால்டிஹைடு இயற்கையாகவே உருவாகும் என்று வியாபாரிகள் சொல்வதும் உண்மைதான். அதனால் பட்டையில் நிறம் மாறிய சரக்கை நிறுத்திவைத்து, ஆய்வகத்தில் உறுதிசெய்யட்டும். சோதிக்காமலே விட அது சாக்கு ஆகாது.

எங்கே சோதிப்பது என்பதுதான் முக்கியம். பரபரப்பு கிளம்பும்போதெல்லாம் அதிகாரிகள் முதலில் புரட்டுவது சில்லறை விற்பனையாளர்களின் தட்டுகளை. கூடையில் மீன் விற்கும் அம்மா, ஏலத்தில் எடுத்ததைத்தான் விற்கிறார். தப்பு நடந்திருந்தால் பெரும்பாலும் அவர் கைக்கு வருமுன்பே நடந்திருக்கும். எனவே லாரி இறங்கும் இடத்தில், விடியற்காலை ஏலம் தொடங்குமுன், பட்டையோடு ஓர் அலுவலர் நிற்க வேண்டும். எந்த ஊர்ச் சரக்கு, சோதனையில் என்ன தெரிந்தது என்று மார்க்கெட் வாசலில் அன்றன்றைக்கே எழுதிப் போட வேண்டும். சிறு வியாபாரிகளுக்குச் சுத்தமான ஐஸ் மலிவு விலையில் கிடைக்க அரசு ஏற்பாடு செய்ய வேண்டும். கெடுவது அறிக்கைக்குக் காத்திருக்காது என்பதால், ஆய்வக அவகாசத்தையும் மீனுக்கென்று தனியாகச் சுருக்க வேண்டும்.

அடுத்த தடைக்காலத்துக்கு முன்பே, காசிமேட்டிலும் சிந்தாதிரிப்பேட்டையிலுமாவது உணவுப் பாதுகாப்புத் துறை இதைத் தொடங்கிவிடட்டும்.