பள்ளியின் அடியில் ஒரு சாட்சி

கடற்கரை முஸ்லிம்களின் வரலாற்றை எழுதப் புகுந்தோர் பலர், ‘வந்தவர் கட்டினர், இருந்தவர் பார்த்து நின்றனர்’ என்ற ஒரே பாடத்தையே நெடுங்காலம் ஒப்பித்து வந்தனர். கிழக்கு ஆப்பிரிக்காவின் சுவாஹிலி மக்களுக்கு நேர்ந்ததும் இதுவே. கென்யாவில் கெடி என்னும் பழம்பதியை அகழ்ந்த ஜேம்ஸ் கிர்க்மன், 1954ஆம் ஆண்டில் வெளியிட்ட தம் நூலின் தலைப்பிலேயே அதனை ‘அரபு நகரம்’ என்று எழுதிவிட்டார்.

அந்தப் பாடத்தை மண்ணைக் கொண்டே மறுத்தவர் தொல்லியலார் மார்க் ஹார்ட்டன். பின்னாளில் இங்கிலாந்தின் பிரிஸ்டல் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக விளங்கிய அவர், இளம் ஆய்வாளராக 1980இல் கென்யாவின் பாத்தே தீவிலுள்ள ஷங்காவில் அகழத் தொடங்கினார். பாழடைந்து கிடந்த ஜும்ஆப் பள்ளியின் தரைக்கடியில் இறங்கினார். கற்பள்ளியின் கீழே அதனினும் பழைய பள்ளி. அதன் கீழே இன்னும் பழையது. அடிமட்டத்திலோ, எட்டாம் நூற்றாண்டில் மரக்கம்பு நட்டு எழுப்பிய எளிய தொழுமிடம்! அவ்வூரில் கிடைத்த பானையோடுகளில் மிகப் பெரும்பாலானவை உள்ளூர்க் கைகள் வனைந்தவை. 1996இல் வெளிவந்த ‘ஷங்கா’ என்னும் அவரது நூல் இவற்றை அடுக்கடுக்காக நிறுவியது.

கலப்பே நிகழவில்லை என்பதன்று நம் வாதம். இடைக்காலச் சுவாஹிலி மக்களிடம் ஆப்பிரிக்கத் தாய்வழியும் பாரசீகத் தந்தைவழியும் கலந்திருந்ததை 2023இல் வெளியான மரபணு ஆய்வு காட்டிற்று. ஆனால் அக்கலப்புத் தொடங்கியது கி.பி. 1000ஐ ஒட்டியே என்றும் அது கூறுகிறது. ஷங்காவின் முதற்பள்ளி அதற்கும் ஏறத்தாழ இருநூறு ஆண்டு மூத்தது. மார்க்கம் கடல்வழி வந்திருக்கலாம். அதனை வாழவைத்தவர்கள் மண்ணின் மக்களே.

தமிழகத்திலும் நம்மை ‘வந்தேறிகள்’ என்பார் உளர். அரபு வழித்தோன்றல் என்பதொன்றே பெருமை என்று மார்தட்டும் நம்மவரும் உளர். இரு சாராரும் மண்ணைக் கேளாமலே தீர்ப்பெழுதுகின்றனர்.

மண்ணைக் கேட்கலாம் என்றால், அந்தச் சாட்சியை நாமே அழித்து வருகிறோம்! பழைய பள்ளியை இடித்துக் கான்கிரீட் மாடி எழுப்பும்போது அடித்தளத்தை ஒருமுறையேனும் அளந்து வரைந்தோமா? எழுத்துப் பொறித்த மீசான் கற்களைப் படியெடுத்தோமா? புதுப்பள்ளி வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. கடைக்கால் தோண்டுமுன் ஒரு புகைப்படம், ஓர் அளவுக் குறிப்பு, கல்வெட்டறிந்த ஒருவருக்கு ஓர் அழைப்பு: இவ்வளவே வேண்டுகிறோம்.

ஷங்காவின் மக்கள் பழைய தளத்தின் மீதே புதியதைக் கட்டினர். அதனால்தான் அவர்தம் சாட்சி ஆயிரம் ஆண்டு கடந்தும் பேசியது. நம் சாட்சியோ லாரியேறிக் குப்பைமேட்டுக்குப் போகிறது. பிறகு, பிறர் நம் வரலாற்றைத் திரித்தனர் என்று புலம்ப நமக்கு என்ன உரிமை?