நத்தையின் எண்ணிக்கையும் நம் கையின் கணக்கும்



ஸ்ரீவில்லிபுத்தூர் மடவார் வளாகத்தில் உள்ள எங்கள் வீட்டுக் கூடத்தில் ஒன்றரை அடி நீளமுள்ள கண்ணாடித் தொட்டி ஒன்று இருக்கிறது. ஏறத்தாழ 25 லிட்டர் நீர் கொள்ளும். பிள்ளைகள் விரும்பிக் கேட்டதால் சென்ற ஆண்டு அதில் செந்நிறச் செர்ரி இறால்கள் பத்தினை வாங்கி விட்டோம். கூடவே வாங்கிய நீர்ச்செடிகளின் இலைக்கடியில், கண்ணுக்கு எளிதில் புலப்படாத பசை போன்ற முட்டைத்திரள் ஒன்று ஒட்டிக்கொண்டு வந்திருக்கிறது. இரண்டு மாதங்களில் கண்ணாடியெங்கும் நத்தைகள் ஊர்ந்தன. கடையில் ஒரு சிறு குப்பி மருந்தைக் கொடுத்தார்கள். மாலையில் அதை ஊற்றினோம். சுப்ஹுத் தொழுகைக்கு எழுந்து பார்த்தபோது நத்தைகளோடு இறால்களும் தரையில் நிறமிழந்து கிடந்தன. இளைய பிள்ளை அன்று பள்ளிக்குப் போக மறுத்து அழுதான்.

சிற்றுயிர்க்காகக் குழந்தை அழுவதைப் பெரியவர்கள் சிரித்துக் கடந்துவிடுவது வழக்கம். ஆனால் அபூ உமைர் என்ற சிறுவன் தன் சின்னஞ்சிறு பறவையை இழந்து வாடியிருந்தபோது, அண்ணல் நபி (ஸல்) அவர்கள் அந்தப் பறவையைக் குறித்தே அவனிடம் அன்போடு விசாரித்ததை புகாரீ, முஸ்லிம் ஆகிய இரு தொகுப்புகளும் பதிவு செய்துள்ளன. வீட்டில் உயிரினம் வளர்ப்பது கூடும் என்பதற்கு மார்க்க அறிஞர்கள் இந்நிகழ்வைச் சான்றாகக் காட்டுகின்றனர். அதே தொகுப்புகளில்தான், பூனையைக் கட்டிவைத்து, உணவும் கொடாமல், தானே இரை தேடிக்கொள்ள அவிழ்த்தும் விடாமல் சாகவிட்ட பெண் தண்டனைக்குள்ளான செய்தியும் இருக்கிறது. இரண்டையும் சேர்த்துப் படித்தால் ஒன்று விளங்கும்: வளர்ப்பதற்கு அனுமதி உண்டு, ஆனால் அடைத்து வைத்த கணத்திலிருந்து அவ்வுயிர் நம்மிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதம்.

எங்கள் இறால்கள் ஏன் மடிந்தன? குப்பியின் மீது சிறிய எழுத்தில் காப்பர் சல்ஃபேட், அதாவது மயில்துத்தம், என்று அச்சிட்டிருந்தது. படிக்காமல் ஊற்றியது எங்கள் குற்றமே. நத்தையைக் கொல்லும் செம்பு இறாலையும் கொல்லும். இறாலின் குருதியில் உயிர்வளியைச் சுமக்கும் பொருளிலேயே செம்பு உண்டு என்றாலும், நீரில் கரைந்த செம்பு சற்றே மிகுந்தாலும் அதற்கு நஞ்சாகிவிடும். மீன் நோய்களுக்கான மருந்துகள் சிலவற்றிலும் செம்பு இருக்கிறது. மேலும், சிறு தொட்டியில் நூறு நத்தைகள் ஒரே இரவில் செத்தழுகினால் அம்மோனியா பெருகும். செம்புக்குத் தப்பிய உயிரும் அதற்குத் தப்பாது.

நத்தையைப் பகையாகக் கருதியதே எங்கள் முதற்பிழை என்று இப்போது உணர்கிறோம். இத்தகைய தொட்டிகளில் பெரும்பாலும் காணப்படுபவை மூவகை நத்தைகள். மெல்லிய ஓடுள்ள குமிழ் நத்தை, தட்டையாகச் சுருண்ட கொம்பு நத்தை, மணலுக்குள் பகலில் புதைந்திருந்து இரவில் வெளிவரும் கூம்பு நத்தை. முன்னிரண்டும் ஆணும் பெண்ணும் ஓருடலில் அமைந்தவை; துணையின்றியும் முட்டையிட வல்லவை. மூன்றாவது வகையில் பெண் நத்தை, ஆணின் துணையின்றியே குஞ்சுகளை ஈனும். ஆகவே ஒன்றே ஒன்று வந்தாலும் போதும். ஆனால் அந்த ஒன்று நூறாவதும் பத்தோடு நிற்பதும் உணவைப் பொறுத்தது. அழுகும் இலை, பாசி, தின்னாமல் எஞ்சிய தீனி ஆகியவைதான் அவற்றின் இரை. எஞ்சுவது குறைந்தால் முட்டையும் குறையும்.

எனவே கண்ணாடியில் ஊரும் நத்தைகள் நம் கையின் கணக்கைக் காட்டும் ஏடு. எங்கள் வீட்டில் காலையில் ஒருவர், மாலையில் ஒருவர், விருந்தினர் வரும்போதெல்லாம் பிள்ளைகள் என ஆளுக்கொரு சிட்டிகை தீனி போட்டோம். அன்பு என்று நினைத்துச் செய்ததுதான். பத்து இறால்களுக்கு அதில் பத்தில் ஒரு பங்கு கூடத் தேவைப்பட்டிருக்காது. உணவில் வீண்விரயம் கூடாது என்பதை விருந்துப் பந்தியோடு நிறுத்திக்கொள்கிறோம். ஒரு சிட்டிகைத் தீனிக்கும் அது பொருந்தும் என்பது நமக்குத் தோன்றுவதில்லை.

பிறகு தொட்டியைக் காலி செய்து, செம்பு படிந்திருக்கக்கூடிய மணலை மாற்றி, புதிதாகத் தொடங்கினோம். நகராட்சிக் குழாய் நீரைக் குளோரின் நீங்கும்படி ஒரு நாள் முழுதும் வாளியில் திறந்து வைத்தோம். காற்று மோட்டாரில் இயங்கும் பஞ்சு வடிகட்டியைப் பொருத்தி, கழிவை மாற்றும் நுண்ணுயிர்கள் அதில் குடியேற ஒரு மாதத்திற்கு மேல் காத்திருந்த பின்னரே இறால்களை விட்டோம். இறால் வளர வளரத் தன் ஓட்டைக் கழற்றும். அதற்குச் சுண்ணாம்புச் சத்தும் மாறாத நீர்நிலையும் வேண்டும். ஆகையால் வாரந்தோறும் சிறிதளவு நீரை மட்டுமே மாற்றுகிறோம். நம் ஊர்ச் சித்திரை வெயிலில் தொட்டி நீர் 30 பாகையைத் தாண்டினால் உயிர்வளி குறைந்து இறால் தவிக்கும். அந்நாட்களில் நீர்ப்பரப்பின் மீது சிறு மின்விசிறியை ஓடவிடுகிறோம். தீனி இரண்டு நாளுக்கு ஒருமுறை, இரண்டு மணி நேரத்தில் தீரும் அளவு. புதுச்செடி வாங்கினால் இரண்டு வாரம் தனி வாளியில் வைத்து, இலையின் அடிப்புறத்தைத் தடவிப் பார்த்த பின்பே தொட்டிக்கு வரும். நத்தை மிகுந்தால், வேகவைத்த வெள்ளரித் துண்டு ஒன்றை இரவில் இட்டு, காலையில் அதில் மொய்த்திருப்பவற்றோடு எடுத்துவிடுகிறோம்.

நத்தையைத் தின்னும் உயிரை வாங்கி விடலாமே என்று சிலர் கேட்கிறார்கள். கடைக்காரர்கள் 'பீ பஃபர்' என்றழைக்கும் குட்டிப் பேத்தை மீன் நத்தையை விரும்பித் தின்னும், இறாலையும் விடாது. அது நம் மேற்குத் தொடர்ச்சி மலையின் கேரளப் பக்கத்து ஆறுகளுக்குரியது. அழியும் நிலையை எதிர்நோக்கும் இனமாகப் பட்டியலிடப்பட்டுள்ளது. நாம் மிகையாகப் போட்ட தீனியின் விளைவைத் தீர்க்க அதனைச் சிறைப்பிடிக்கச் செய்வது நியாயமாகப் படவில்லை.

எடுத்த நத்தைகளை என்ன செய்வது? இங்குதான் நாம் அழுத்திச் சொல்ல விரும்புவது இருக்கிறது. உறவினர் பலரும், "பாவம், கொல்ல வேண்டாம், பெரியகுளம் கண்மாயில் விட்டுவிடுங்கள்" என்றார்கள். கேட்பதற்கு இரக்கமாகத் தோன்றும் இச்சொல் உண்மையில் இரக்கமன்று. தென்னமெரிக்காவுக்குரிய 'டேங்க் கிளீனர்' மீன், வளர்ப்போர் வெளியே விட்டதாலும் பண்ணைகளிலிருந்து தப்பியதாலும், இன்று தமிழகம், கேரளம், ஆந்திரம் ஆகிய மாநிலங்களின் நீர்நிலைகளில் பரவி, மீனவர் வலைகளைக் கிழிக்கிறது. 1980ஆம் ஆண்டையொட்டி உணவுக்காகத் தைவானுக்குக் கொண்டுவரப்பட்ட தங்க ஆப்பிள் நத்தை, ஆசிய நாடுகள் பலவற்றில் நெல்வயல்களின் பெரும்பகையாக மாறிவிட்டது. ஆடு மாடுகளைத் தாக்கும் தட்டைப்புழுக்கள் சிலவற்றுக்கு நன்னீர் நத்தைகளே இடைத்தங்கல். ஒரு கைப்பிடி நத்தைக்குக் காட்டும் இரக்கத்தின் விலையை, கண்மாய்ப் பாசனத்தில் நாற்று நடும் விவசாயியும் அதில் நீரருந்தும் கால்நடையும் கொடுக்க நேரலாம். இறாலுக்கும் இது பொருந்தும். செர்ரி இறால் கிழக்காசியாவுக்குரியது, நம் ஓடைகளுக்குரியதன்று.

கண்மாய் வேண்டாமென்றால் பள்ளிவாசல் ஹவுளில் விடலாமே என்றும் ஒருவர் கேட்டார். ஹவுளில் மீன் வளர்ப்பது பல ஊர்களில் பழைய வழக்கம்தான். கொசுப்புழுவை அவை தின்றுவிடும். ஆயினும் ஹவுள் ஜமாஅத்தார் அனைவருக்கும் உரியது. நம் வீட்டு மிகுதியைக் கேட்காமல் அதில் கொட்டுவது முறையன்று. பிளீச்சிங் பவுடர் இட்டுக் கழுவும் நாளில் அவ்வுயிர்கள் படும் பாட்டையும் எண்ண வேண்டும்.

கொல்ல நேர்ந்தால் வேதனையைக் குறைத்துச் செம்மையாகச் செய்ய வேண்டும் என்பது நபிவழி. எனவே மிகுந்த நத்தைகளைச் சூட்டிலோ உப்பிலோ இட்டு வதைக்காமல், ஒரே நசுக்கில் முடித்து, தோட்டத்து மண்ணில் புதைக்கிறோம். மனத்திற்கு உவப்பான வேலையன்று. அதனாலேயே தீனிக் கரண்டியை எடுக்கும்போது கை நிதானிக்கிறது. கொல்லத் தேவையில்லாதபடி வளர்ப்பதே மேல். வளர்க்க நேரமில்லாதவர் வாங்காமலிருப்பது அதனினும் மேல்.

இப்போது வெள்ளிதோறும் ஜும்ஆவுக்குப் புறப்படுமுன் இளைய பிள்ளை கண்ணாடியில் தெரியும் நத்தைகளை எண்ணுகிறான். சென்ற வாரம் பதினொன்று. பதினைந்தைத் தாண்டினால் மறுவாரம் தீனி பாதியாகும். இது அவனே வகுத்த சட்டம். பெண் இறால் ஒன்று வயிற்றடியில் முட்டைகளைச் சுமந்து திரிகிறது. அவை பொரிய மூன்று, நான்கு வாரங்கள் ஆகும். அதுவரை தொட்டிக்குள் யாரும் கைவிடக் கூடாதென்பதும் அவன் கட்டளையே.

நம் பொறுப்பில் உள்ள உயிர் எவ்வளவு சிறிதாயினும் அதன் உரிமையைப் பேணி நடக்க அல்லாஹ் நம் அனைவருக்கும் தவ்ஃபீக் செய்வானாக. ஆமீன்.