தொலைவிலிருந்து பெயர்ச் சேவையகத்தை ஆளுதல்

இணையப் பெயர்களுக்குரிய எண் முகவரிகளைக் கூறும் சேவையகங்கள் பலவற்றில், 2000ஆம் ஆண்டில் வெளிவந்த பைண்ட் 9 மென்பொருள் இயங்குகிறது. அதனைத் தொலைவிலிருந்து கட்டளைகளால் ஆளும் கருவி ஆர்.என்.டி.சி. ஆகும். இருபுறமும் ஒரே இரகசியத் திறவுகோல் இருந்தாலன்றிச் சேவையகம் கட்டளைக்கு இணங்காது. இது நல்ல காப்பே, எனினும் போதாது. திறவுகோலைப் பெற்றவர் பதிவுகளை மீண்டும் ஏற்றலாம், தேக்கிவைத்த விடைகளை அழிக்கலாம்; சேவையகத்தையே நிறுத்திவிடவும் கூடும். நிறுத்தியதை மறுபடி தொடங்கும் கட்டளையோ இக்கருவியில் இல்லை! வெளியூரிலிருக்கும் அலுவலர் ஒரு சொல்லைப் பிழையாகத் தட்டினால், எவரேனும் அக்கணினியை வேறு வழியில் அடையும் வரை, அதனை மட்டுமே நம்பிய பள்ளிகள் இணையத்தில் எதனையும் தேட இயலாது. ஆகவே, இக்கருவிக்குரிய 953ஆம் துறையை எல்லா முகவரிகளுக்கும் திறந்து வைப்பது தகாது. நிலையை அறிய மட்டும் விழைவோர்க்கு, மாற்றும் உரிமையில்லாத தனி வழியொன்றை அமைத்துக் கொடுத்தலே முறை.