ஸ்பீக்கருக்கும் கணினிக்கும் நடுவே

கோபன்ஹேகனுக்கு மேற்கே, புரொண்பியின் கான்கிரீட் அடுக்குமாடி ஒன்றில், பகல் வேலை முடிந்து வந்து இரவில் கணினியின் முன் அமர்ந்து பாட்டுக்கு இசை சேர்க்கும் தமிழ் இளைஞர் ஒருவர், தம் சேமிப்பையெல்லாம் ஒரு ஜோடி ஸ்டூடியோ ஸ்பீக்கர்களில் செலவிட்டுவிட்டு, அவற்றை இணைக்கக் கணினியின் ஹெட்போன் துளையும் மலிவான வயர் ஒன்றும் போதுமென்று எண்ணுவாராயின், அவர் பணத்தைத் தவறான வரிசையில் செலவழித்திருக்கிறார் என்பதே என் அபிப்பிராயம்.

கணினியின் உட்புறம் மின் இரைச்சல் மிகுந்த ஸ்தலம். அந்தத் துளையிலிருந்து வரும் ஒலி பலவீனமானதாக இருந்தால் ஸ்பீக்கரின் ஒலியளவுத் திருகை மேலும் திருப்ப நேரும். அப்போது இசையோடு இரைச்சலும் சேர்ந்தே வளர்கிறது. தொழில்முறைக் கருவிகளின் வழக்கமான சிக்னல் அளவு 1.23 வோல்ட், வீட்டுக் கருவிகளினுடையது ஏறக்குறைய 0.32 வோல்ட்தான். ஆகவே யூஎஸ்பி வழியாக இணையும் தனி ஆடியோ இன்டர்ஃபேஸ் ஒன்றை வாங்கி, அதிலிருந்து பேலன்ஸ்டு கேபிளில் ஸ்பீக்கருக்குச் செல்வதே உத்தமம். இவ்வகைக் கேபிளில் ஒலிக்கென இரண்டு கம்பிகள் உண்டு. ஒன்றில் செல்வதற்கு நேர்மாறானது மற்றொன்றில் செல்ல, வழியில் புகும் இரைச்சலோ இரண்டிலும் ஒரே விதமாக ஏறிவிட, ஸ்பீக்கர் அவற்றின் வித்தியாசத்தை மாத்திரம் ஏற்பதால் அந்த இரைச்சல் பெரும்பாலும் கழிந்துபோகிறது. யூஎஸ்பி கேபிளை நேரே ஏற்கும் ஸ்பீக்கர்களும் உண்டு. கேட்பதற்கு மட்டுமானால் அவையே போதும். பாடுபவரின் மைக்கையும் இணைக்க வேண்டியவருக்கு இன்டர்ஃபேஸ் எப்படியும் தேவை.

ஒலிபெருக்கி விஷயத்தில் டேனியர்கள் பெருமை கொள்ள நியாயம் உண்டு. 1915-ல் கலிபோர்னியாவில் பிரிதாம் என்பவரோடு சேர்ந்து அதை உலகுக்குக் காட்டிய பீட்டர் ஜென்சன், ஃபால்ஸ்டர் தீவில் பிறந்தவர். ஆனால் டேனியர்களின் வீட்டுச் சுவரிலுள்ள சாக்கெட் வேறு கதை. ஜெர்மானிய ஷூகோ பிளக் அதில் அழகாகப் பொருந்திவிடும். எர்த் மாத்திரம் சேராது, ஏனெனில் டேனிஷ் பிளக்கில் எர்த்துக்கென்று தனி முள் உண்டு. வெளிநாட்டிலிருந்து ஸ்பீக்கர் தருவிப்பவர்கள் இதைக் கவனிப்பதேயில்லை. உரிய அடாப்டர் கடையில் கிடைக்கிறது.

இதற்கு மாறாக, எல்லாக் கருவிகளும் எர்த் பெற்றிருந்தும் 50 ஹெர்ட்ஸ் ரீங்காரம் கேட்குமாயின், எர்த் முள்ளை வெட்டிவிடும் உபாயத்தைச் சிலர் சொல்வார்கள். உயிருக்கு அபாயமான யோசனை அது. கணினியையும் ஸ்பீக்கர்களையும் ஒரே மின்பலகையில் செருகி, பேலன்ஸ்டு கேபிளையே பயன்படுத்தினால், எர்த் இணைப்புகள் வளையமாகச் சேர்வதால் வரும் அந்த ரீங்காரம் பெரும்பாலும் அடங்கிவிடும்.