முடிச்சூர் மழைக்கும் கடலடிச் சேற்றுக்கும் என்ன தொடர்பு? வயசு சொல்லும் பிங்க் ஓடு

2015 டிசம்பரில் அடையாறு பொங்கி முடிச்சூர், வரதராஜபுரம் மூழ்கியதை மேற்கு தாம்பரத்துக்காரர்கள் மறக்க மாட்டார்கள். சென்னையில் மழையை அளந்து எழுதிய கணக்கு சுமார் 200 ஆண்டுகளுக்குத்தான் இருக்கிறது. அதற்கு முன்? கணக்கு வங்கக் கடலின் அடிச்சேற்றில் இருக்கு.

அந்த வெள்ளத்துக்கு ஓராண்டு முன்பு, 'ஜாய்டெஸ் ரெசல்யூஷன்' கப்பல் வங்கக் கடலைத் துளைத்து சேற்றை நீள உருளைகளாக எடுத்தது. சேறு கிடைச்சா போதுமா? வயசு தெரியணுமே! கார்பன் டேட்டிங் சுமார் 50,000 ஆண்டுகளோடு கைவிட்டுவிடும்.

அங்கே உதவுவது ஃபோராமினிஃபெரா. மணல் பருக்கை அளவுள்ள ஒற்றைச் செல் உயிர். செத்தால் அதன் சுண்ணாம்பு ஓடு அடியில் படியும். இதில் 'குளோபிஜெரினாய்டஸ் ரூபர்' இனத்தின் பிங்க் வகை, இந்திய, பசிபிக் பெருங்கடல்களில் சுமார் 1.2 லட்சம் ஆண்டுகளுக்கு முன்பே காணாமல் போச்சு. அட்லாண்டிக்கில் மட்டும் இன்றும் இருக்கிறது. ஆக, சேற்று உருளையை மேலிருந்து கீழே பார்த்துக்கொண்டே போனால், பிங்க் ஓடு முதலில் தட்டுப்படும் இடத்தின் வயசு 1.2 லட்சம். இப்படிப் பல இனங்கள் தோன்றிய, மறைந்த காலங்களோடு, ஓடுகளில் உள்ள ஆக்சிஜன் வகைகளின் விகிதத்தையும் சேர்த்துக் கணக்கிடுகிறார்கள்.

மகாநதிக்கு எதிரே எடுத்த சேற்றை வைத்து 2021-ல் வந்த ஆய்வு, 9 லட்சம் ஆண்டு மழையைப் பார்த்தது. காற்றில் கரியமில வாயு கூடியபோது பருவமழையும் வலுத்திருக்கிறது. ஆனால் அது தென்மேற்குப் பருவமழை. தாம்பரத்தை மூழ்கடிப்பது வடகிழக்கு. அப்படியே பொருத்திவிட முடியாது.

அந்தக் கப்பலும் 2024-ல் ஓய்வு பெற்றுவிட்டது. பள்ளிக்கரணையில் உள்ள தேசிய கடல் தொழில்நுட்ப நிறுவனம், மூன்று பேரை 6,000 மீட்டர் ஆழத்துக்கு அனுப்ப 'மத்ஸ்யா 6000' வாகனத்தை உருவாக்கி வருகிறது. பெருமைதான். ஆனால் ஆளை இறக்குவது வேற, நூற்றுக்கணக்கான மீட்டர் சேற்றைத் துளைத்து எடுப்பது வேற. அதற்குத் தனிக் கப்பல் வேண்டும்.